மூன்று நாள் வீடு

கடற்கரையில் ஒரு ராத்திரி படுத்து உறங்க வேண்டும் என்பது என் ஒன்பதாவது வயதில் ஏற்பட்ட ஆசை. காவேரிக் கரையில் உள்ள எங்கள் சிறு பட்டணத்திலிருந்து சமுத்திரம் அறுபது கிலோமீட்டர் தூரம். வருஷத்துக்கு ஒரு தடவை, தை அமாவாசையன்று, குடும்பத்தோடு பூம்புகாருக்குப் போய் ஸ்நானம் செய்துவிட்டு, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்வதற்குள் பஸ் ஏறிவிடுவோம். ஒரு வருஷம் நான் பிடிவாதம் பிடித்தேன். "ராத்திரி இங்கேயே இருந்தால் என்ன, அப்பா? படுக்க மணல் இருக்கிறது, விசிறக் காற்று இருக்கிறது" என்றேன். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. சற்று யோசித்துவிட்டு, "எல்லாம் இருக்கிறது, காலையில் எழுந்தால் ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கரையோரம் முழுவதும் ஜனங்கள் எப்படி விடை கண்டிருந்தார்கள் என்பது எங்கள் மூக்குக்குத் தெரிந்தே இருந்தது. மறுபேச்சின்றி பஸ் ஏறினேன்.

அப்பாவின் கேள்விக்குச் சரியான விடை, முப்பத்தெட்டு வருஷங்கள் கழித்து, பசிபிக் மகாசமுத்திரத்தின் கரையில் எனக்குக் கிடைத்தது. அந்த விடையை என் கையாலேயே தூக்கிச் சுமக்கவும் நேர்ந்தது. அந்த விருத்தாந்தத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கும் பழக்கமுள்ள நேயர்கள், தயவு செய்து சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து உட்காரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

என் மனைவியின் தம்பி நியூஜிலாந்து தேசத்தில் ஆக்லாந்து நகரில் எஞ்சினீயராக இருக்கிறான். "அத்தான், ஒரு தடவையாவது வந்து போங்கள்" என்று ஐந்தாறு வருஷமாக வற்புறுத்திக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதிக்கிற வாத்தியாருக்கு அவ்வளவு தூரப் பிரயாணம் எளிதில் கைகூடுமா? கடைசியில், சென்ற டிசம்பர் மாதம், அரைப் பரீட்சை விடுமுறையோடு கொஞ்சம் விடுப்பும் சேர்த்துக்கொண்டு, மனைவி, பன்னிரண்டு வயதுப் பையன் சகிதமாகப் புறப்பட்டேன். ஆக்லாந்து விமான நிலையத்தில் என் மனைவி, ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டு வந்திருந்த ஒரு கொத்துக் கறிவேப்பிலையை அதிகாரிகளிடம் உள்ளபடி சொல்லி ஒப்படைத்தாள். வெளித் தேசத்துப் பூச்சியோ நோயோ தங்கள் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்பதில் அந்த நாட்டார் அவ்வளவு கண்டிப்பானவர்கள். "போகிற இடத்தில் எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது என்பது இங்கே முதல் பாடம், அக்கா" என்றான் மைத்துனன். அது வெறும் வேடிக்கைப் பேச்சு என்று அப்போது நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவன் ஒரு வண்டியை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். வெளியிலிருந்து பார்த்தால் சற்று நீளமான, உயரமான வெள்ளை வான். உள்ளே நுழைந்தால் அது ஒரு சம்பூர்ணமான வீடு. இரண்டு எரிமுகங்கள் கொண்ட காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, பகலில் மேஜையும் பெஞ்சுமாக இருந்து ராத்திரியில் படுக்கையாக விரியும் பலகைகள், கூரைக்கடியில் இன்னும் இருவர் படுக்க ஒரு பரண், மூடி போட்ட குப்பைத் தொட்டி எல்லாம் இருந்தன. என் பையன் பரணில் ஏறியவன் இறங்க மறுத்துவிட்டான்.

வண்டியின் முன் கண்ணாடியில் பச்சை நிறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "இது என்ன?" என்று கேட்டேன்.

"அதுதான் அத்தான், இந்த வண்டியின் யோக்கியதாபத்திரம். நீங்கள் எம்.ஏ. பட்டம் வாங்கவில்லையா? அதைப்போல இது 'தன்னிறைவு' என்று பட்டம் வாங்கின வண்டி. பட்டமில்லாத வண்டி கடற்கரையில் ராத்திரி தங்க முடியாது."

பட்டத்துக்குப் பரீட்சை என்னவென்று விசாரித்தேன். வண்டியில் எத்தனை பேர் தங்குகிறார்களோ அத்தனை பேரும் மூன்று நாளைக்கு வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வாங்காமலும், வெளியில் ஒரு சொட்டு அழுக்கை விடாமலும் இருக்கக் கூடியதாக அந்த வண்டி இருக்க வேண்டுமாம். நல்ல தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் ஒரு தொட்டியில் இருக்கும். கழுவின தண்ணீர் தரையில் ஓடாமல் இன்னொரு தொட்டியில் சேரும். இவை இரண்டும் போக, மிகவும் முக்கியமான அங்கம் ஒன்று உண்டு. மைத்துனன் ஒரு குறுகலான கதவைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு கக்கூஸ் இருந்தது. அதன் அடியில், வண்டியின் வெளிப்புறத்திலிருந்து இழுத்தால் வரும்படியாக, சுமார் இருபது லிட்டர் கொள்ளக் கூடிய ஒரு பெட்டி, பெட்டிக்குக் கைப்பிடி, கைப்பிடிக்குக் கீழே சின்னஞ்சிறு சக்கரங்கள்.

என் மனைவி பெட்டியையும் சக்கரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, தர்க்க சாஸ்திரம் படித்தவர்களுக்கும் தோன்றாத ஒரு கேள்வியைக் கேட்டாள்: "இது நிறைந்தால் யார் கொட்டுவது?"

மைத்துனன் சிரித்தான். நான் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன். விஷயம் அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது.

* * *

நியூஜிலாந்துக்காரர்களுக்குக் கடற்கரையில் தங்குவது ஒரு பிறப்புரிமை மாதிரி. கோடை வந்தால் கூடாரமும் கையுமாகக் குடும்பங்கள் கிளம்பிவிடும். அந்த நாட்டில் கோடை என்பது டிசம்பர், ஜனவரி மாதங்கள். ஆனால் வெளித் தேசத்து யாத்ரிகர்கள் பெருகப் பெருக, புதரோரங்களிலும் மணல் மேடுகளிலும் அவர்கள் விட்டுச் சென்ற சின்னங்களும் பெருகின. 2011-ஆம் வருஷம், ரக்பி உலகக் கோப்பைப் பந்தயத்துக்குச் சற்று முன்னால், இதற்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். பொது நிலத்தில் தங்கும் உரிமையை அந்தச் சட்டம் பறிக்கவில்லை. எந்த இடத்தில் தங்கலாம், எந்த இடத்தில் கூடாது என்று வரையறுக்கும் அதிகாரத்தை ஊராட்சி சபைகளுக்குக் கொடுத்தது. 2023-இல் சட்டம் இன்னும் இறுகியது. ஊராட்சி நிலத்தில் வண்டியில் தங்க வேண்டுமானால், பொதுவாக அது தன்னிறைவுப் பட்டம் பெற்ற வண்டியாக இருக்க வேண்டும். கக்கூஸும் வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பெயருக்கு ஒரு வாளியை மூலையில் வைத்துக் காட்டினால் செல்லாது.

நாங்கள் போனது அந்நாட்டின் வட தீவில் கிழக்குக் கோடியில் உள்ள கிஸ்போர்ன் பிரதேசத்துக்கு. ஆக்லாந்திலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தூரம். முதல் ராத்திரியை ஓப்போட்டிக்கி என்னும் ஊரில், கட்டணம் கொடுத்துத் தங்கும் மைதானத்தில் கழித்தோம். மறுநாள் வையோயெக்கா நதியின் பள்ளத்தாக்கு வழியே பாதை சென்றது. இரு புறமும் செங்குத்தான மலைகள். மரங்கள் அடர்ந்த காடு. கீழே பளிங்கு போன்ற ஆறு. வெகு நேரம் ஒரு வீட்டைக்கூடக் காணவில்லை. நம் ஊர் மலைப் பாதைகளில் திருப்பத்துக்குத் திருப்பம் கண்ணில் படும் காகிதமும் பாட்டிலும் இங்கே எங்கேயாவது தென்படுகின்றனவா என்று நானும் பையனும் எண்ணிக்கொண்டே வந்தோம். மலை இறங்குவதற்குள் எண்ணிக்கை ஐந்தைத் தாண்டவில்லை. தேசாபிமானம் உள்ள மனிதனுக்கு அது அவ்வளவு உற்சாகமான விளையாட்டு அல்ல.

கிஸ்போர்ன் நகரத்தைத் தாண்டி வடக்கே ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சென்றால் டொலாகா விரிகுடா வருகிறது. மாவோரி மக்கள் அதற்கு இட்ட பெயர் ஊஆவா. 1769-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் இங்கே வந்து நங்கூரம் பாய்ச்சி, தண்ணீரும் விறகும் ஏற்றிக்கொண்டார். அவர் ஏதோ ஒரு சொல்லைக் காதில் தவறாக வாங்கி எழுதியதுதான் 'டொலாகா' என்று நிலைத்துவிட்டதென்பர். சரித்திர வாத்தியாரான எனக்கு அதைவிடச் சுவையாக இருந்தது வேறொரு விஷயம். அவருடைய கப்பலில் துபையா என்ற ஒருவர் வந்திருந்தார். டஹீட்டி பக்கத்துத் தீவுகளைச் சேர்ந்தவர். பூசாரி, மாலுமி, பண்டிதர் எல்லாம் அவரே. அவர் பேசிய பாஷை மாவோரிகளுக்கு விளங்கியது. ஆகவே வெள்ளைக்காரத் தலைவனைவிட துபையாவுக்குத்தான் இந்தக் கரையில் மரியாதை அதிகம் கிடைத்தது. நம் சரித்திரப் புத்தகங்கள் குக்கோடு நின்றுவிடுகின்றன.

விரிகுடாவின் தென் புறத்தில் ஒரு பாலம் கடலுக்குள் நீண்டு செல்கிறது. அக்கரை இல்லாத பாலம் அது, கப்பல்துறைக்காகக் கட்டியது. கரையோரம் ஆழமில்லாததால் கப்பல் கிட்டே வர முடியவில்லை. ஆகையினால் 660 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் துறையை நீட்டி, 1929-இல் கட்டி முடித்தார்கள். நல்ல சாலைகள் வந்ததும் கப்பல் வரவு குறைந்து 1960-களோடு நின்றுபோயிற்று. ஆனாலும் ஊரார் அதை இடிந்து விழ விடாமல் முயற்சி எடுத்துப் பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் நால்வரும் அதன் நுனிவரை நடந்தோம். ஒரு புறம் வெளுத்த செங்குத்துப் பாறைகள், மறு புறம் பிறை போல் வளைந்த மணற்கரை, கரையோரம் ரத்தச் சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் பொஹுட்டுகாவா மரங்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் பூக்கும் அந்த மரங்களைத் தூரத்திலிருந்து பார்த்தபோது, சித்திரை மாதத்தில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் பூக்கும் மயில்கொன்றை நினைவுக்கு வந்தது.

* * *

கிஸ்போர்ன் ஜில்லா சபையார் கோடைக் காலத்தில் சில கடற்கரைகளைக் குறித்து, அனுமதிச் சீட்டு பெற்றவர்களை அங்கே தங்க விடுகிறார்கள். கூடாரமானாலும் வண்டியானாலும் சொந்தமாகக் கக்கூஸ் கொண்டு வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட ஒரு கரையில், மணலுக்குச் சற்று மேலே இருந்த புல் தரையில், மாலை ஆறு மணிக்கு எங்கள் வண்டியை நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு பழைய காரவானுக்கு முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டு ஒரு முதிய மாவோரி தம்பதிகள் அமர்ந்திருந்தார்கள். வருஷந்தோறும் கோடையில் அந்தக் கரைக்கு வருகிறவர்களாம்.

மணலில் ஆங்காங்கே கட்டைகள் கிடந்தன. கடல் அலை கொண்டுவந்து போடும் கட்டை எல்லாக் கரையிலும் உண்டு. ஆனால் இவை ரம்பத்தால் அறுக்கப்பட்ட பைன் மரத் துண்டுகள். விஷயத்தை அந்த அம்மாள் விளக்கினாள். 1988-இல் 'போலா' என்ற பெரும் புயல் அடித்து, காடழிந்து மேய்ச்சல் நிலமாகியிருந்த குன்றுகளெல்லாம் சரிந்து போயின. மண்ணைப் பிடித்து வைப்பதற்காக ஏராளமான பைன் மரங்களை நட்டார்கள். மரங்கள் முற்றின, வெட்டினார்கள். நல்ல பாகம் கப்பலேறிப் போயிற்று. கிளையும் கழிவும் மலைச் சரிவிலேயே தங்கின. 2018 ஜூன் மாதம் பெய்த மழையில் அவ்வளவும் ஆற்றில் உருண்டு வந்து டொலாகா விரிகுடாவின் கரையை மூடிவிட்டன. வழக்குகள் நடந்து, மரக் கம்பெனிகள் சிலவற்றுக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. 2023-இல் 'காப்ரியெல்' புயலின்போது மறுபடியும் அதே கதை.

"மலையில் வெட்டினவர்கள் லாபத்தைக் கொண்டு போனார்கள். மிச்சத்தை மழை எங்கள் வாசலில் கொண்டு வந்து போட்டது" என்றாள் அந்த அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை, தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

என் மனைவி ரவை உப்புமா கிளறினாள். கறிவேப்பிலை இல்லாத குறை தெரியத்தான் தெரிந்தது. ஆனால் கடற்காற்றின் பசியில் யார் அதைக் கவனித்தார்கள்? மாவோரி தம்பதிகளுக்கும் ஒரு தட்டில் கொடுத்தோம். அவர்கள் பதிலுக்குத் தாங்கள் சுட்ட ரொட்டியைக் கொடுத்தார்கள். அப்போது மைத்துனன் ஓர் அதிசயமான செய்தியைச் சொன்னான். 1836-ஆம் வருஷ வாக்கில், இந்தத் தீவின் வடபகுதியில், வில்லியம் கொலென்ஸோ என்ற பாதிரியார் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். அது பாத்திரமல்ல, கவிழ்த்து வைத்த ஒரு கப்பல் மணி. அதைச் சுற்றிலும் பழைய தமிழ் எழுத்து! முகையதீன் பக்ஷு என்பவருடைய கப்பலின் மணி அது என்று எழுதியிருக்கிறது. இரும்புப் பாத்திரம் ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார் கொலென்ஸோ. இப்போது அது வெல்லிங்டன் நகரத்து தெ பாப்பா பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. எந்தத் துறையிலிருந்து எந்தப் புயலில் புறப்பட்டு அந்த மணி அங்கே வந்தது என்பது யாருக்கும் தெரியாது. "பாருங்கள், நமக்கு முன்னாலேயே தமிழன் இங்கே சமையல் பாத்திரத்தோடு வந்துவிட்டான்" என்று நான் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம்.

சாப்பாடானதும் பையன் எச்சில் தட்டுகளை அள்ளிக்கொண்டு, அருகில் ஓடிய சிற்றோடையை நோக்கிக் கிளம்பினான். மாவோரி அம்மாள் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தாள். "குழந்தாய், அதிலே வேண்டாம். அந்த வண்டிக்குள்ளே தொட்டி இருக்கிறதே" என்று மிருதுவாகச் சொன்னாள். பிறகு என் மனைவியிடம், தங்கள் வீட்டில் துணி துவைக்கிற பாத்திரத்தில் தட்டு கழுவ மாட்டார்கள், மனிதக் கழிவு ஓடும் தண்ணீரில் சேர்வதைத் தங்கள் ஜனங்கள் பெரிய தோஷமாகக் கருதுவார்கள் என்றெல்லாம் சொன்னாள்.

என் மனைவிக்கு ஒரே ஆனந்தம். "எங்கள் பாட்டியும் அச்சாக இதைத்தான் சொல்வாள்!" என்று தமிழிலேயே கூவிவிட்டாள். எச்சில், தீட்டு, மடி என்று எங்கள் வீட்டில் இருந்த சாஸ்திரங்களை அவள் வர்ணிக்க, அந்த அம்மாள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அப்படியானால் உங்கள் பாட்டி வீட்டுக் கழிவு எங்கே போயிற்று?" என்று சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் இந்தத் தடவையும் வானத்தைப் பார்த்தேன்.

நல்ல வேளையாக வானத்தில் பார்ப்பதற்கு நிறைய இருந்தது. எட்டரை மணிக்கு மேல்தான் அங்கே அஸ்தமனம். பத்து மணி சுமாருக்கு இருள் முழுதும் கவிந்ததும், நம் ஊரில் தலைக்கு மேலே பார்த்துப் பழகிய நட்சத்திரங்களெல்லாம் வடக்கே தாழ இறங்கி நின்றன. திருவாதிரையும் மிருகசீரிஷமும் அடங்கிய வேட்டைக்காரன் கூட்டம் தலைகீழாகத் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் நம்முடைய கார்த்திகைக் கூட்டம். மாவோரி பாஷையில் அதற்கு மாத்தாரிக்கி என்று பெயர். குளிர்காலத்தில் விடியற்காலையில் அது மறுபடி உதயமாவதுதான் அவர்களுக்குப் புது வருஷப் பிறப்பு. 2022 முதல் அந்நாட்டில் அதற்கு ஸர்க்கார் விடுமுறையும் உண்டு. நம் வீடுகளில் அகல் விளக்கு ஏற்றும் அதே ஆறு பெண்களுக்கு உலகத்தின் மறு கோடியிலும் பண்டிகை நடக்கிறது என்று அறிந்தபோது, தலைகீழான அந்த வானமும் சொந்த வானமாகத் தோன்றிற்று.

வண்டிக்குள் படுத்தோம். ஜன்னலைச் சிறிது திறந்து வைத்தேன். அலை வந்து மோதுவதும், பின்வாங்கும்போது கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு போவதுமான ஓசை ராத்திரி முழுவதும் கேட்டது. ஒன்பது வயதில் பூம்புகாரில் விட்டுவிட்டு வந்த தூக்கத்தை அன்று தூங்கினேன்.

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பையன் என்னை உலுக்கி எழுப்பினான். கிஸ்போர்ன் பிரதேசம் உலகத்திலேயே மிகவும் முந்திச் சூரியனைக் காணும் இடங்களில் ஒன்று. கீழ்வானம் வெளுத்து, பொன்னாகி, சமுத்திரத்தின் விளிம்பிலிருந்து சூரிய பகவான் மெல்ல எழுந்தார். அந்த நேரத்தில் நம் ஊரில் முதல் நாள் இரவு பத்தேகால் மணி. கிழக்கே கடலைப் பார்த்த கரை. நீரிலிருந்து எழும் சூரியன். எல்லாம் நம் சோழ மண்டலக் கரையில் காண்பதுதான். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். நாங்கள் வெறுங்காலோடு கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தோம்; ஒரு தடவைகூடக் கீழே பார்த்துக் கால் வைக்க வேண்டியிருக்கவில்லை.

* * *

அன்று காலை பத்து மணிக்குப் பெட்டியின் பக்கத்தில் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி நிறைந்துவிட்டது. ஒத்திவைக்கப்பட்ட விஷயம் சபைக்கு வந்துவிட்டது.

கிஸ்போர்ன் நகருக்குள் இம்மாதிரி வண்டிகளின் கழிவைக் கொட்டுவதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. தரையில் மூடி போட்ட ஒரு குழி. அது நகரச் சாக்கடைக் குழாயோடு சேர்ந்தது. பக்கத்தில் அலம்புவதற்கு ஒரு தண்ணீர்க் குழாய். மூன்று வண்டிகள் எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றன. முதல் வண்டியிலிருந்து, பார்த்தால் ஜட்ஜ் என்றோ டாக்டர் என்றோ தோன்றும் நரைத்த தலைக் கனவான் ஒருவர் இறங்கி, கையுறை மாட்டிக்கொண்டு, தம் பெட்டியை உருட்டிக்கொண்டு போனார். காரியத்தை முடித்து, அலம்பி, அடுத்த வண்டிக்காரரிடம் பருவ நிலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான்.

"அத்தான், நீங்கள் உட்காருங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மைத்துனன் இறங்கினான். எனக்கு ஏற்பட்ட ஆறுதல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்தச் சமயம் பார்த்து என் பையன் கேட்டான்: "ஏன் அப்பா, மாமா மட்டும் செய்யணும்? நாமும்தானே உபயோகித்தோம்?"

நான் வருஷந்தோறும் பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் நடத்துகிறேன். 1901-ஆம் வருஷம் கல்கத்தா காங்கிரஸுக்குப் போன காந்தியடிகள், அங்கே கக்கூஸ்கள் இருந்த கோலத்தைக் கண்டு தொண்டர்களிடம் சொல்ல, அது தங்கள் வேலையல்ல என்று அவர்கள் ஒதுங்க, தாமே துடைப்பத்தை வாங்கிச் சுத்தம் செய்தார். நான் இதை உணர்ச்சியோடு சொல்வேன் என்று எனக்குப் பெயர். பரீட்சையில் ஐந்து மார்க்குக் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். ஐந்து மார்க்குக்கு மேல் அந்த விஷயம் என்னிடம் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை.

இறங்கினேன். கையுறை மாட்டிக்கொண்டேன். பெட்டியை இழுத்து உருட்டிக்கொண்டு போய், மூடியைத் திறந்து, குழியில் சாய்த்தேன். மருந்துத் திரவம் சேர்ந்திருந்ததால் நாற்றம் நான் பயந்த அளவு இல்லை. ஆனாலும் இருந்தது. கனம்தான் எதிர்பாராதது. நான்கு பேருடைய இரண்டே நாள் கழிவு அவ்வளவு கனக்குமென்று நாற்பத்தேழு வயது வரை எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் இல்லாமல் வளர்ந்திருக்கிறேன்.

பெட்டியை அலம்பும்போது, எங்கள் பழைய வீட்டின் கொல்லைச் சந்து கண்முன் வந்து நின்றது. எங்கள் வீட்டில் இருந்தது எடுப்புக் கக்கூஸ். பின்புறச் சுவரில், சந்தைப் பார்த்து, சிறு தகரக் கதவு ஒன்று இருக்கும். தினம் காலை ஏழு மணிக்கு ஒரு பெண்பிள்ளை வருவாள். ஒரு கையில் வாளி, ஒரு கையில் தகரம். கையுறை இல்லை, சக்கரம் இல்லை, மருந்துத் திரவமும் இல்லை. ஒரு வீடல்ல, அந்த வரிசையில் இருபது வீடு. அவள் வரும் நேரத்தில் குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். தீபாவளியன்று கொல்லை வாசலில் நிற்பாள். அவள் ஏந்திய முந்தானையில், கை படாமல், உயரத்திலிருந்து பட்சணம் விழும். என் ஏழு வயதில் ஒரு தடவை நானே போட்டிருக்கிறேன். குறி தவறாமல் போட்டேன் என்று பாட்டி மெச்சினாள்.

மாவோரி அம்மாள் கேட்ட கேள்விக்கு விடை அதுதான். எங்கள் மடியும் ஆசாரமும் மூன்று நாளைக்கல்ல, முப்பது தலைமுறைக்கு ஓடின. ஆனால் அது தன்னிறைவில் ஓடவில்லை. அந்தப் பெண்பிள்ளையின் தலைமேல் ஓடிற்று. 1993-இல் இதைத் தடை செய்து சட்டம் வந்தது. 2013-இல் இன்னும் விரிவான சட்டம் வந்து, பாதுகாப்பில்லாமல் மனிதரைச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் இறக்குவதையும் குற்றமாக்கியது. எடுப்புக் கக்கூஸ் எங்கள் தெருவில் இன்று இல்லை. ஆனால் மலத்தொட்டியில் இறங்கி மூச்சு முட்டி மாண்டவர்கள் என்று பத்திரிகையின் ஒரு மூலையில் சில வரிகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உப்பிலும் துணியிலும் தன்னிறைவு வேண்டும் என்பதை நாம் மனப்பாடம் செய்துவிட்டோம். அழுக்கிலும் அது வேண்டும் என்று கற்பித்தவரும் அதே மனிதர்தான். அந்தப் பாதிப் பாடத்தை நாம் சாய்ஸில் விட்டுவிட்டோம்.

ஆக்லாந்துக்குத் திரும்பிய அன்று ராத்திரி அம்மாவுடன் டெலிபோனில் பேசினேன். கடலையும் சூரியனையும் பற்றிச் சொல்லிவிட்டு, "ஏன் அம்மா, பழைய வீட்டில் கொல்லைப் பக்கம் வருவாளே, அவள் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

"யாரைக் கேட்கிறாய்?" என்றாள் அம்மா. விளக்கினேன். சற்று நேரம் பேச்சில்லை. "பெயரா? பெயர் சொல்லி யார் கூப்பிட்டோம்? 'வந்தாச்சு, உள்ளே வா' என்று உங்களைத்தான் கூப்பிடுவோம்." மறுபடி சற்று நேரம் மௌனம். "இருபத்தைந்து வருஷம் வந்தாளடா. நான் கேட்கவே இல்லையே" என்றாள்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. நான் பதினேழு வருஷமாக வேலை பார்க்கும் அந்தக் கட்டடத்தில், எண்ணூறு பிள்ளைகளும் முப்பது வாத்தியார்களும் உபயோகிக்கும் கக்கூஸ்களை ஓர் அம்மாள் சுத்தம் செய்கிறார். முதல் நாள் காலை பிரார்த்தனை மணி அடிப்பதற்கு முன் அவரிடம் போய், "அம்மா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டேன். ஏதோ புகார் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து முதலில் பயந்துவிட்டார். பிறகு சொன்னார்.

கையுறை இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு வருஷத்துக்கு முன் கொடுத்தது கிழிந்துவிட்டது என்றார். அன்று மாலையே ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேச்செடுத்தேன். வாதங்கள் பல நடந்தன. கையுறை வந்துவிட்டது, மற்றவை நடந்துகொண்டிருக்கின்றன.

அந்த அம்மாளின் பெயரை நேயர்களுக்குத் தெரிவிக்கலாம். ஆனால் பத்திரிகையில் போட அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை. தங்கள் தங்கள் ஊரில், தங்கள் தங்கள் வீட்டுக்கும் ஆபீசுக்கும் அப்படி வருகிற ஒருவர் இருப்பார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி வேண்டுகிறேன்.